கோடை விடுமுறையை நறுக்கினால் படிப்பு வளருமா?

கேரளத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். புதுப் பை, புதுக் குடை, நனைந்த சீருடை என்று ஜூன் முதல் வாரம் போகும். மழை வலுத்தால் மாவட்ட ஆட்சியர்களின் விடுமுறை அறிவிப்புகள் வரிசையாக வரும். இப்படிப் பாடம் தடைபடுவதைச் சுட்டிக்காட்டி, அந்த மாநிலக் கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி 2025 ஜூலை இறுதியில் ஒரு கேள்வியை மக்கள்முன் வைத்தார்: ஏப்ரல், மே மாத விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன? வெயிலில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைப்பதா என்று ஒரு தரப்பும், மழையில் மூடிக் கிடப்பதற்கு அதுவே மேல் என்று இன்னொரு தரப்பும் பேச ஆரம்பித்தன.

தமிழ்நாட்டுக்கு வேறு தலைவலி. 2023-ல் ஜூன் 1 அன்று பள்ளிகள் திறக்கும் என்றார்கள். வெயில் தணியவில்லை, ஜூன் 7-க்குத் தள்ளினார்கள். அதுவும் சரிப்படாமல், 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று முடிவானது. 2024-லும் ஜூன் 6 என்ற தேதி ஜூன் 10 ஆயிற்று. 2025-ல் மே மாதமே மழை வந்து வெக்கையைத் தணித்ததால், சொன்னபடி ஜூன் 2 அன்று கதவு திறந்தது. எப்போது பள்ளி திறக்கும் என்று பெற்றோர் ஒவ்வொரு மே இறுதியிலும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பேச்சுகளுக்கு நடுவே இன்னொரு யோசனையும் அடிக்கடி தலைகாட்டும். நீண்ட கோடை விடுமுறையே எதற்கு? ஒன்பது வாரம் பள்ளி, இரண்டு மூன்று வாரம் ஓய்வு என்று ஆண்டு முழுவதும் பரப்பிவிட்டால், படித்தது மறக்காது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் நிம்மதி என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்து பார்த்த அமெரிக்காவின் அனுபவம் அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை.

அமெரிக்கா செய்து பார்த்தது

அமெரிக்கப் பிள்ளைகளின் பத்து, பதினோரு வாரக் கோடை விடுமுறை, வயல் வேலைக்காக வந்தது என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். கென்னத் கோல்டு போன்ற கல்வி வரலாற்றாளர்கள் காட்டியது வேறு. 19-ம் நூற்றாண்டுக் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. விதைப்பும் அறுப்பும் நடக்கும் வசந்த, இலையுதிர் காலங்களில்தான் மூடப்பட்டன. நகரப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. நகரத்து வெக்கை, தொற்றுநோய் பயம், வசதியுள்ள குடும்பங்கள் கோடையில் ஊரைவிட்டுக் கிளம்பிவிடும் வழக்கம், ஓயாமல் படித்தால் பிள்ளைகளின் மூளை களைத்துப்போகும் என்ற அக்கால நம்பிக்கை எல்லாம் சேர்ந்து, நகரத்தின் நாட்களைக் குறைத்தும் கிராமத்தின் நாட்களைக் கூட்டியும் இன்றைய நாட்காட்டியை உண்டாக்கின.

அதை மாற்றும் முயற்சி 1968-ல் கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு மிசூரி மாநிலத்தின் பிரான்சிஸ் ஹோவல் பள்ளி மாவட்டம் வந்து சேர்ந்தது. பிறகு பல ஊர்களிலும் பரவிய ‘45-15’ முறையின் கணக்கு எளிது: 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை. மாணவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, எப்போதும் ஓர் அணி விடுமுறையில் இருக்கும்படி சுழற்றுவார்கள். அப்போது அதே கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

பல இடங்களில் இதற்கான உண்மைக் காரணம் இந்த இட நெருக்கடிதான். லாஸ் ஏஞ்சலிஸில் கூட்டம் நிரம்பி வழிந்த பள்ளிகள் ‘கான்செப்ட் 6’ என்ற நாட்காட்டிக்கு மாறின. மூன்று அணிகள், ஒரு நேரத்தில் இரண்டு மட்டும் உள்ளே. இதற்காக 180 பள்ளி நாட்கள் 163 ஆகச் சுருங்கின. ஈடுகட்ட அன்றாட நேரம் நீட்டிக்கப்பட்டது. இந்தச் சுமை பெரும்பாலும் ஏழை, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தலையிலேயே விழுந்தது. கலிபோர்னியாவின் புகழ்பெற்ற ‘வில்லியம்ஸ்’ வழக்கு 2004-ல் சமரசத்தில் முடிந்தபோது, 2012-க்குள் இந்த முறையைக் கைவிட வேண்டும் என்று முடிவானது. ஆண்டு முழுவதும் பள்ளி என்ற ஏற்பாட்டின் ஒரு வடிவத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகப் பார்த்து ஒரு மாநிலமே விலக்கியது, இந்த விவாதத்தில் யாரும் நினைவூட்டாத செய்தி.

படிப்பு கூடியதா? 2007-ல் வட கரோலினாவின் வேக் மாவட்டம் 22 பள்ளிகளை ஒரே வீச்சில் ஆண்டு முழுதும் இயங்கும் நாட்காட்டிக்கு மாற்றியது. எந்தப் பள்ளி மாறுவது என்பதை மாவட்டமே முடிவு செய்ததால், பொருளாதார ஆய்வாளர்களுக்கு அது கச்சிதமான ஒப்பீட்டுக் களமாக அமைந்தது. சராசரி மாணவரின் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்பதே 2012-ல் வெளியான ஆய்வின் முடிவு. கலிபோர்னியாவின் சுழற்சிப் பள்ளிகளை ஆராய்ந்த ஜெனிபர் கிரேவ்ஸ், மதிப்பெண் சரிந்திருப்பதையே கண்டார். 2011-12 நிலவரப்படி, அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு நான்குதான் ஆண்டு முழுதும் இயங்கும் நாட்காட்டியில் இருந்தன.

விடுமுறையில் பாடம் மறந்துபோகும் என்ற வாதத்துக்கும் இப்போது பழைய உறுதி இல்லை. ஹாரிஸ் கூப்பர் குழு 39 ஆய்வுகளைத் தொகுத்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது என்று 1996-ல் எழுதியதுதான் இன்றுவரை மேற்கோளாகிறது. ஆனால், பழைய தேர்வுகளின் மதிப்பெண் கணக்கிடும் முறையிலேயே கோளாறு இருந்தது என்றும், புதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தால் அந்த இழப்பு சில தேர்வுகளில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை என்றும் பால் வான் ஹிப்பல் 2019-ல் காட்டினார். கோடை இழப்பு பற்றிய ஆய்வுகளில் முதன்மையாகப் பேசப்பட்ட பால்டிமோர் ஆய்வும் இந்தச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஒரு படி அரிசியைப் பெரிய பானையில் போட்டாலும் நாலு சின்னச் சட்டியில் போட்டாலும் அது ஒரு படிதான். கற்பிக்கும் நாளும் ஆசிரியரும் பாடமும் மாறாதபோது, நாட்காட்டியின் கட்டங்களை இடம் மாற்றுவதால் மட்டும் மதிப்பெண் ஏறாது.

நம்மிடம் ஏற்கெனவே நறுக்கித்தான் இருக்கிறது

தமிழ்நாட்டின் கோடை விடுமுறை ஆறு, ஏழு வாரம். அமெரிக்க விடுமுறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆயுத பூஜையை ஒட்டிக் காலாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அரையாண்டு விடுமுறை, பத்துப் பதினைந்து நாளில் பொங்கல் என்று இடையிடையே ஓய்வு வந்துகொண்டே இருக்கிறது. சீர்திருத்தம் என்ற பெயரில் அமெரிக்காவில் சிலர் கேட்பதில் பாதி இங்கே பழக்கத்திலேயே உண்டு. இன்னும் பின்னே போனால், திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை என்ற ஒன்று கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வாவு நாட்களில் விடுவார்கள். மற்ற நாளெல்லாம் மணலில் விரல் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் வேறு நாடுகளிலும் இதற்கு ஒற்றை விடை இல்லை. இலங்கையில் வழக்கமான ஆண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக நடக்கும்; ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று விடுமுறை பிரிந்து கிடக்கும். சிங்கப்பூரில் நான்கு பருவங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டு முடிவில் ஆறு வாரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தீவில் வெயிலுக்கென்று தனி மாதம் இல்லை. எனவே, கோடை விடுமுறை என்பதற்கே அங்கே பொருள் இல்லை. நமக்கு அப்படியா?

வெயிலும் மழையும் போடும் நாட்காட்டி

2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அக்னி நட்சத்திரம் முடிந்து விட்டதே என்று ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைகளை அனுப்பினால், வட கடலோர மாவட்டங்களில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வரவே பிற்பகல் ஆகிவிடும். கரூர், வேலூர், திருத்தணி பக்கத்தில் கடற்காற்றும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த வகுப்பறை ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்த பாட வேளையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளும். சுவரோரம் இருப்பவர்கள் பெஞ்சை நடுவில் இழுத்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு மணிக்கே காலி. வேர்வை பட்டு நோட்டில் மை இழுகும். ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, புத்தகத்தை எடுத்து மனதுக்குள் படியுங்கள் என்பார்.

இந்த அனல் மதிப்பெண்ணிலும் தெரியும். அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிகளில் ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஒரு விழுக்காடு குறைவதைக் கண்டது. இந்தியாவில் நடந்த ஆய்வோ இன்னொரு வழியைக் காட்டியது: வெப்பம் பயிரை அடிக்கிறது, வருமானம் குறைகிறது, பிள்ளையின் படிப்பு சரிகிறது. நூறு நாள் வேலை கிடைத்த இடங்களில் அந்தச் சரிவு குறைவாக இருந்தது. ஆகவே, தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மே மாத விடுமுறை காலனியப் பழக்கத்தின் மிச்சம் என்று தள்ளிவிடக்கூடியதல்ல. உடலுக்குத் தேவையான பாதுகாப்பு.

ஆனால், பெரும்பகுதி என்பது எல்லாப் பகுதியும் ஆகாது. ஜூனில் சென்னை காயும்போது வால்பாறையும் கூடலூரும் மழையில் நனைகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவிலும் வட கடலோரத்திலும் மழை விடுமுறைகள் வரிசை கட்டும். 2015 வெள்ளத்தின்போது சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் வாரக்கணக்கில் பள்ளிகள் மூடி, அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகளின் புத்தகங்களும் தண்ணீரோடு போயின. விட்டுப்போன நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவதுதான் வழக்கமான மருந்து.

இடத்துக்கேற்ற நாட்காட்டி இந்தியாவுக்குப் புதிதல்ல. காஷ்மீர் பள்ளத்தாக்கில் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில் வருகிறது. இமாச்சலத்தில் கோடையில் மூடும் பள்ளிகள், குளிரில் மூடும் பள்ளிகள் என்று ஒரே மாநிலத்துக்குள் இரண்டு வகை உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும் கல்வியாண்டின் நாட்காட்டியை முடிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம்தான் கொடுத்திருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் என்ற குறைந்தபட்ச எல்லையை மட்டும் சட்டம் வகுத்திருக்கிறது. அதை எந்த மாதங்களில் நிரப்புவது என்பதை நீலகிரியும் ராமநாதபுரமும் தனித்தனியாக முடிவு செய்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. நடைமுறையிலோ கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒரே சுற்றறிக்கைதான்.

மூடப்படுவது வகுப்பறை மட்டும் அல்ல

விடுமுறையின் நீளத்தைப் பற்றிய சண்டையில் காணாமல் போகும் செய்தி ஒன்று உண்டு. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள், பள்ளியின் பெரிய கேட்டோடு சேர்த்துச் சத்துணவுக் கூடத்தின் சின்னக் கதவுக்கும் பூட்டு விழுகிறது. எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டமும் பள்ளி நடக்கும் நாட்களுக்கானவை. காலையில் உப்புமாவோ பொங்கலோ, மதியம் முட்டையோடு சோறு என்று இரண்டு வேளை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு மே மாதத்தில் இரண்டும் இல்லை. அம்மா கூலி வேலைக்கோ பூப் பறிக்கவோ விடியலில் கிளம்பிவிட்டால், பத்து வயது அக்கா தம்பிக்குப் பழைய சோறு பிழிந்து வைப்பாள். நகரத்துப் பிள்ளைக்கு அதே நாட்களில் நீச்சல் வகுப்பு, ஓவியப் பயிற்சி, கோடை முகாம்.

இந்த ஓட்டையை நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்றது. 2024-ல் கடும் வறட்சி வந்தபோது கர்நாடகம் அப்படித் தந்தது. தமிழ்நாட்டுக்கும் முன்னனுபவம் இல்லாமல் இல்லை. கரோனா காலத்தில் சத்துணவுப் பிள்ளைகளின் பங்கு அரிசியும் பருப்பும் முட்டையுமாகக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவிலும்கூட கோடையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் அரசுத் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2024 முதல், தகுதியுள்ள குழந்தை ஒன்றுக்குக் கோடைக்கு 120 டாலர் உணவு அட்டையும் தருகிறார்கள். நாட்காட்டியைப் பற்றி ஓயாமல் சண்டை போட்ட நாடு, பசி விஷயத்தில் விடுமுறையின் நீளத்தைத் தொடாமலே ஒரு வழி கண்டிருக்கிறது.

படிப்புக்கும் அப்படி ஒரு வழி இருப்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. கரோனாவுக்குப் பிறகு, கிராமப்புறத் தமிழ்நாட்டின் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகியோர் ஆராய்ந்தார்கள். பதினெட்டு மாதம் பள்ளி மூடியதால் 2021 டிசம்பரில் பெரும் பள்ளம் விழுந்திருந்தது. கணக்கில் தமிழைவிட ஆழம் அதிகம். ஆனால், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியது. நிரம்பியதில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களின் மாலை வகுப்பால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற உள்ளூர்ப் பெண்கள், ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்ததன் பலன் அது. 2022 ஜூன் முதல் பன்னிரண்டு நாட்களில், அதாவது பள்ளி திறப்பதற்கு முன்பே, இதே தன்னார்வலர்கள் கைபேசிச் செயலி வழியாக வாசிப்பு மாரத்தான் நடத்தியபோது, பிள்ளைகள் கோடிக்கணக்கான சொற்களை வாசித்தார்கள். கோடை விடுமுறை அப்போதும் இருந்தது. யாரும் அதை வெட்டவில்லை.

ஆசிரியரும் அம்மாவும்

விடுமுறையிலும் உணவும் வாசிப்பும் தொடர வேண்டும் என்றால், முதல் எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். அதில் நியாயமும் உண்டு. கோடை விடுமுறை இருக்கிறது என்பதாலேயே, மற்ற அரசு ஊழியர்களைவிட அவர்களுக்கு ஈட்டிய விடுப்பு குறைவு. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், மாணவர் சேர்க்கைப் பிரச்சாரம், தேர்தல் வந்தால் பயிற்சியும் வாக்குச்சாவடிப் பணியும் என்று அந்த விடுமுறையிலும் பங்கு போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் மே மாத வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. தன்னார்வலர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர் ஆகியோருக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்து நடத்த வேண்டிய பணி இது.

இன்னொரு எதிர்ப்பு, பிள்ளைகள் விளையாடட்டுமே என்பது. அதுவும் சரிதான். பாட்டி வீடு, கிணற்று நீச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் பிள்ளைப் பருவத்துக்குத் தேவை. விளையாட விடாமல் பிடித்து வைப்பது யார் என்று பார்த்தால், விரல் நீள்வது தனியார் பள்ளிகள் பக்கம்தான். கோடையில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் எச்சரிக்க, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் சீருடை இல்லாமல் வகுப்புக்குப் போய் வருகிறார்கள்.

அரசுப் பள்ளி வளாகம் மே மாதத்தில் காலை ஏழரை முதல் பத்தரை வரை திறந்திருந்தால் போதும். வருகைப் பதிவு வேண்டாம், தேர்வு வேண்டாம். காலைச் சாப்பாடு, நூலகப் புத்தகங்கள், மைதானம், மரத்தடியில் ஒரு தன்னார்வலர். வெயில் ஏறுமுன் மதியத்துக்கான பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு ஜனவரியிலேயே இடம்பெயரும் பிள்ளைகளுக்கும், சூளைக்கு அருகில் உள்ள பள்ளியே அந்த இடமாக இருக்கலாம். இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று அதே 9-வது பிரிவு சொல்கிறது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் இதைத் தொடங்க வேண்டியதில்லை. வெயிலுக்குக் கரூர், வறட்சிக்கு ராமநாதபுரம், மழைக்கு நீலகிரி என்று மூன்று மாவட்டங்களில் தலா ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே விடுமுறைத் தேதியை மாவட்டமே முடிவு செய்யட்டும். நீண்ட விடுமுறை எந்த மாதத்தில் வந்தாலும் வளாகமும் சமையல்கூடமும் திறந்திருக்கட்டும். விடுமுறை தொடங்கும்போதும் முடியும்போதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் எடையையும் குறித்து, பக்கத்து ஒன்றியத்தோடு ஒப்பிட்டு, முடிவை வெளியிடலாம். இதற்கான அரசாணையும் நிதியும் ஜனவரிக்குள் வந்தால்தான் ஏப்ரலில் அரிசி கிடங்குக்குப் போய்ச் சேரும். விடுமுறையை முப்பது நாளாக்குவதா, துண்டு துண்டாக்குவதா என்ற வாதத்தை அந்த ஒப்பீடு வெளியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.